ஐந்து மணிப் பன்னிகள்

கார்க் கதவைத் திறந்ததுமே வாடை வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் பழைய சாம்பார், புளித்த சோறு, அழுகிய முட்டைக்கோஸ், அதற்கெல்லாம் அடியில் பன்றி விட்டை. குற்றாலலிங்கம் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு இறங்கினார். இறங்கிய கால் நேராக வாத்து எச்சத்தில் பதிந்தது.

"ஐஸ்வர்யமான தொடக்கம் சாரே," என்றாள் சபீனா, ஸ்டியரிங்கை விட்டு அசையாமல். "வலது காலோ, இடது காலோ?"

"பேசாம இறங்கு."

"இந்தச் செருப்பு புதுசு. கொஞ்சம் யோசிக்கட்டும்."

குற்றாலலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நாலு. தென்காசிப் பக்கத்து ஆள். இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்துவிட்டு, தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவர். அழுக்கு என்றால் ஆகாது. ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளைச் சட்டை மாற்றுவார். சபீனா அதே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவள். முப்பத்தாறு வயது. ஆறு வருடமாக அவருடைய காரையும் கேமராவையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வாயையும் அவளே வைத்திருந்தாள். அவருக்குப் பேச வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

நேற்று மத்தியானம் ஆபீஸுக்குக் கோமதிநாயகம் என்றொரு பெரியவர் வந்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் நாற்பது வருடம் அக்கவுண்டன்ட். ஓய்வு பெற்றதும் கல்லாற்றங்கரையில் வீடு கட்டி, மனைவி முத்தாரம்மாளோடு குடியேறியவர். அமைதியாக இருக்கலாம் என்றுதான் அவ்வளவு தூரம் போனார். இப்போது கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன.

"தூங்கி ரெண்டு மாசமாச்சு சார்," என்றார். "வீட்டுக்குப் பின்னால ஒருத்தி பன்னி வளக்கா. தினமும் காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கும் பாருங்க, கழுத்த அறுக்குத மாதிரி ஒரு சத்தம். அரை மணி நேரம். மே மாசக் கடைசியில திருநவேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஒரு வாரம் எம் பையன் மஹேஷ்தான் லீவு போட்டு வீட்டப் பாத்துக்கிட்டான். திரும்பி வந்த மறுநாள்லேந்து இந்த நரகம். எம் பெஞ்சாதி தூக்கம் கெட்டு, பிரஷர் ஏறி, பாத்ரூம்ல விழுந்துட்டா. நெத்தியில மூணு தையல்."

பஞ்சாயத்தில் புகார் கொடுத்திருந்தார். இன்று மூன்று மணிக்கு விசாரணை. பன்றிக்காரியின் லைசென்ஸை ரத்து செய்ய, சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதரின் ரிப்போர்ட் ஒன்று வேண்டும் என்று கேட்டார். விடியற்காலையில் தன் போனில் பிடித்த பதினோரு பதிவுகளைத் தேதி போட்டு அனுப்பியிருந்தார். பன்றி கத்துவதை எழுதிக்கொடுக்க ஒரு துப்பறிகிறவர் எதற்கு என்று குற்றாலலிங்கம் மறுக்கத்தான் இருந்தார். அந்தக் கண்களைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

இப்போது அதற்காக வருந்தினார்.

கொட்டில் மலைச்சரிவில் இருந்தது. அதற்குக் கீழே, கொட்டிலின் தரை மட்டத்துக்குச் சரியாக, கோமதிநாயகத்தின் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. இரண்டு கறுப்புத் தண்ணீர் டேங்குகள், துணி காயும் கொடி, முன்பக்கம் பச்சைக் கேட். இங்கே மேலே, பதினெட்டுப் பன்றிகள் தொடை வரை சகதியில் நின்றுகொண்டு, ஒன்றின் முதுகில் ஒன்று மோவாயை வைத்திருந்தன. ஈக்கள் கறுப்புப் போர்வையாக எழுந்து உட்கார்ந்தன. ஹோட்டல் கழிவு நிரம்பிய நீல டிரம் ஒன்று மூடியில்லாமல் நுரைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் மிதந்த பாதி வடையைப் பார்த்ததும் குற்றாலலிங்கம் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்து மூக்கில் அழுத்தினார்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். சுடலைமாடத்தி. கொத்தனாராக இருந்த புருஷனோடு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். சாரத்திலிருந்து விழுந்து அவன் செத்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் பன்றி வளர்த்துப் பிழைப்பவள்.

"எத்தன பேருதான் வந்து எழுதிட்டுப் போவீக?" என்றாள். "நேத்து ஹெல்த்துக்காரன் வந்தான். முந்தாநாளு மெம்பரு. நீங்க யாரு?"

"கீழ் வீட்டு அண்ணாச்சி சொல்லி வந்திருக்கோம். காலைல அஞ்சு மணிக்கு உங்க பன்னிக கத்துதா, இல்லையாம்மா?"

"கத்தும். ஆனா மொதல்ல கத்துதது எம் பன்னி இல்ல."

"பின்ன?"

"வேற பன்னி சார். எங்கயோ கெடந்து கத்துது. அதக் கேட்டுப் பயந்துபோயி இதுக எந்திச்சு கத்துதுக. இதுகளுக்கு அஞ்சு மணிக்குக் கத்த என்ன கேடு? தீனி வண்டி வாரது ஏழரைக்கு. அந்த வண்டிச் சத்தம் கேட்டாத்தான் வாயத் தொறக்கும். நான் சொன்னா எல்லாவனும் சிரிக்கான்."

சபீனா சிரித்தாள். "பேய்ப் பன்னியோ அக்கா?"

"சிரி. நீயும் சிரி. இன்னைக்கு மூணு மணிக்கு லைசென்ஸப் பிடுங்கிட்டா இந்தப் பதினெட்டையும் ஓட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வாரேன்."

குற்றாலலிங்கம் சிரிக்கவில்லை. சிரிக்க வாயைத் திறந்தால் ஈ நுழையும் என்ற பயம் ஒரு காரணம். அவள் பேசிய விதம் இன்னொரு காரணம். பொய் சொல்கிறவர்கள் இதைவிட நம்பும்படியாகச் சொல்வார்கள் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். அந்த நேரத்தில் சகதியிலிருந்து எழுந்த பெரிய தாய்ப்பன்றி ஒன்று உடம்பை ஒரு உலுப்பு உலுப்பியது. அவருடைய வெள்ளைச் சட்டையில் கழுத்து முதல் தொப்பை வரை பழுப்புப் புள்ளிகள் விழுந்தன.

"டிசைன் கொள்ளாம், நல்லாவே இருக்கு," என்றாள் சபீனா.

ஆற்றுப் பாலத்தருகே ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தார்கள். அவர் வேறு சட்டை மாற்றி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். எதிரே வைத்த கிளாஸின் விளிம்பில் வேறு யாரோ குடித்த தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. கிளாஸை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, போனில் பதிவுகளைப் போடச் சொன்னார்.

முதல் பதிவு. பன்றிகளின் வீறிடல். காதைக் குத்தியது. நடுவில் எங்கோ மூன்று தடவை, பாம், பாம், பாம்.

"மீன்காரன்," என்றாள் சபீனா.

இரண்டாவது பதிவு. வீறிடல். அதே பாம், பாம், பாம். மூன்றாவதிலும் அதே. நாலாவதிலும் அதே. ஒவ்வொரு தடவையும் ஹார்ன் முடிந்த கையோடு ஒரு பன்றி மட்டும் தனியாக நீளமாக இழுத்தது.

"ஒரே பன்னி, ஒரே ராகம், தினமும் பிசகாம. நல்ல சாதகம் பண்ணுது சாரே."

குற்றாலலிங்கம் போனைக் காதில் வைத்து இன்னொரு தடவை கேட்டார். சத்தத்தில் ஒரு உருட்டு இருந்தது. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் கேட்பது போல. "தேதிகளைப் படி," என்றார்.

சபீனா படித்துக்கொண்டே வந்தாள். ஆறாவது தேதியில் நின்றாள். "பதினைஞ்சு, புதன்கிழமை." புருவம் உயர்ந்தது. "சாரே, அந்தப் புதனாழ்ச்ச ஹர்த்தால் ஆயிருந்நு. ஜில்லா முழுக்கக் கடையடைப்பு. தம்பானூர்ல ஒரு சாயா கிட்டாம நீங்க என்னைத் திட்டினது எனக்கு நல்லா ஓர்மை உண்டு."

"ஹர்த்தால் அன்னைக்கு மீன் வண்டி ஓடுமா?"

"ஆம்புலன்ஸே யோசிச்சுத்தான் ஓடும்."

சாயாக்கடைக்காரர் கையைக் காட்டினார். மீன்காரன் பிரஜின் பாலத்தின் அந்தப் பக்கம் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

பிரஜினுக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் கட்டியிருந்த பெட்டியைக் கவிழ்த்து, செதிலும் குடலும் கலந்த ஐஸ் தண்ணீரைச் சாலையோரம் ஊற்றினான். அது ஓடிவந்து குற்றாலலிங்கத்தின் ஷூவை நனைத்துவிட்டுப் போனது. இன்று எல்லா ஜந்துக்களும் தன் மேல்தான் வந்து விழுகின்றன என்று நினைத்துக்கொண்டார்.

"காலைல அஞ்சு மணிக்கு நீங்க இந்தப் பக்கம் வர்றதுண்டா?"

"அஞ்சு மணிக்கோ?" பிரஜின் சிரித்தான். "அஞ்சு மணிக்கு ஞான் விழிஞ்ஞத்து கடப்புறத்துல மீன் ஏலத்துல நிக்கும் சாரே. இவிடெ எத்தும்போ ஏழரை, ஏழே முக்கால் ஆகும்."

"ஹர்த்தால் அன்னைக்கு?"

"வண்டியே எடுத்தில்ல. எடுத்தா டயர் போகும்."

சபீனா பதிவைப் போட்டுக் காட்டினாள். பிரஜின் தலையைச் சாய்த்துக் கேட்டான். முகம் மலர்ந்தது. சொந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டது போல.

"இது என்டெ ஹார்ன் தன்னெ! வேற யாருக்கும் இந்த ஹார்ன் இல்ல. பழைய லாரியில இருந்து எடுத்தது. ஓடும்போது நீளமா ஒண்ணு அடிக்கும். மீன் வாங்குற வீட்டு கேட் முன்னால நின்னா மூணு. இது மூணு. வீட்டு முன்னால நிக்கும்."

"பன்னிக் கொட்டிலுக்குக் கீழ இருக்கே ஒரு வழி. அந்த வழியில எந்த வீட்டு முன்னால மூணு அடிப்பீங்க?"

"அவிடெ இப்ப எந்த வீடும் இல்ல." கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "ஒரு வீடு இருந்நு. பச்சை கேட். மே மாசம் ஒரே ஒரு ஆழ்ச்ச, ஏழே நாள். டெய்லி வாங்கும். ஒரு நாள் அயலை, ஒரு நாள் நெய்மீன். நல்ல கஸ்டமர், வில பேசவே மாட்டான், சின்ன வயசு சாரு. அடுத்த ஆழ்ச்ச போய் ஹார்ன் அடிச்சா ஒரு பெரிய சாரு ஓடி வந்நு. என்னா சத்தம்! 'இது சைவ வீடு, எங்க அப்பன் காலத்துலேந்து முட்டை தொட்டதில்ல, இந்த வழியில இனி ஹார்ன் கேட்டா போலீஸ்'ன்னு. அதுக்கப்புறம் அந்த வழியே ஞான் போகல."

பிரஜின் அடுத்த வளைவுக்கு ஓட்டிப்போன பிறகும் இரண்டு பேரும் சாலையோரமே நின்றார்கள்.

"சாரே," என்றாள் சபீனா மெதுவாக. "அப்பன் அம்மை திருநவேலியில் கல்யாணச் சாப்பாடு. மகன் இங்கே அயலைக் கறி. அவன் மீன் வாங்க கேட்டுக்குப் போனப்போ மாடியில ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஏழரைக்குத் தீனி வண்டி, பன்னிக கூப்பாடு. அந்தக் கூப்பாட்டோட இவனோட மீன் ஹார்னும் சேந்து மாட்டிக்கிச்சு."

"அத காலைல அஞ்சு மணிக்குப் போட்டுவிடறான்."

"எதுக்கு?"

குற்றாலலிங்கம் ஆற்றில் இறங்கி மறுபடி கையைக் கழுவினார். இந்தத் தடவை கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

பச்சைக் கேட் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. தரை முகம் தெரியும்படி துடைத்திருந்தது. சாம்பிராணி மணந்தது. கூடத்தில் இரண்டு சூட்கேஸும் ஒரு பெரிய பையும் மூடித் தயாராக நின்றன. அவற்றின் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"எம் பையன், மஹேஷ்," என்றார் கோமதிநாயகம். "கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். விசாரணை முடிஞ்ச கையோட எங்களை அவன் பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். இனி இந்த வீட்டுல இருக்க எங்களுக்குத் தெம்பில்ல சார். அந்தப் பன்னிக்காரிய வெளியேத்திட்டு, வீட்டப் பூட்டிட்டுப் போறோம்."

முத்தாரம்மாள் காப்பி கொண்டுவந்தாள். மெலிந்த உருவம். நெற்றியில் தையல் போட்ட இடம் கருத்து வீங்கியிருந்தது. டம்ளரை நீட்டினாள். குற்றாலலிங்கம் வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, ரிப்போர்ட் எழுத ஒரு சின்ன விவரம் பாக்கி. மாடியில தண்ணி டேங்கப் பாக்கணும்."

"அது பழசு சார், யூஸ் பண்றதில்ல," என்றான் மஹேஷ்.

சபீனா மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"மாடியில ரெண்டு டேங்க் இருக்கு தம்பி," என்றார் குற்றாலலிங்கம். "நான் எதுன்னு சொல்லலையே."

சபீனா அதற்குள் படியேறியிருந்தாள். மேலே பிளாஸ்டிக் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவளுடைய தும்மல். இறங்கி வந்தபோது கையில் மழைக்கோட்டில் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. கூடத்தின் நடுவில் வைத்து அவிழ்த்தாள். பல்லி எச்சம் படிந்த, முழங்கை நீள ஸ்பீக்கர். அதோடு மெமரி கார்டு, டைமர் வைத்த பிளக்.

"தண்ணி இல்லாத டேங்க். ஆனா கச்சேரிக்கு நல்ல மண்டபம்," என்றாள்.

குற்றாலலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். ஹார்னை, ஹர்த்தாலை, பிரஜினை. சுருக்கமாகத்தான் சொன்னார். அவருக்கே அதைச் சொல்ல அருவருப்பாக இருந்தது. கோமதிநாயகம் மகனை நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது இது:

"எந்தப் பாத்திரத்துலடா மீன வச்சே?"

சபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தாரம்மாள் சிரிக்கவில்லை. "ஏம்டே இப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள்.

மஹேஷ் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "எத்தனை பிராவசியம், எத்தனை தடவை விளிச்சேன் அம்மா? உங்க மருமக ரேஷ்மியும் நானும் ரெண்டு பேரும் ஷிப்ட். மோளெ, குழந்தையப் பாத்துக்க ஆளில்லை. மூணு ஆயா மாறியாச்சு. நீங்க வந்தா பிரச்சினை தீரும். அப்பா 'இந்தக் காத்த விட்டுட்டு வரமாட்டேன்'னு ஒரே பிடிவாதம். ஒரு ரெண்டு வாரம் தூங்கலைன்னா தானே வருவீங்கன்னு நெனச்சேன். யாருக்கும் ஹார்ம் பண்ணணும்னு இல்ல."

"அம்மா விழுந்தது எந்தத் தேதி?" என்று கேட்டார் குற்றாலலிங்கம்.

மஹேஷின் பார்வை அம்மாவின் தையலுக்குப் போயிற்று. அவரே தொடர்ந்தார்:

"பத்தாம் தேதி. அண்ணாச்சி அனுப்பின பதிவுல ஏழு, அதுக்கு அப்புறம் பிடிச்சது. மூணு தையல் போட்டுப் படுத்திருந்தவங்க தலைக்கு மேல ஏழு நாள். ஏன் நிறுத்தல தம்பி?"

"அவங்க விழுந்த பிறகுதான்..." மஹேஷ் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். "அப்பா வாரேன்னு சொல்லத் தொடங்கினாரு. காரியம் முடியற நேரத்துல நிறுத்த வேண்டாம்னு..."

கொட்டிலின் வாடையைப் பொறுத்து நின்ற குற்றாலலிங்கத்துக்கு இங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் மூச்சு விட்டுக்கொண்டார். கேஸ் முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. கோமதிநாயகம் அவர் பின்னாலேயே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், நடந்தது நடந்துபோச்சு. பையன் தப்புப் பண்ணிட்டான், நான் கண்டிச்சுக்கிடுதேன். ஆனா ரிப்போர்ட் மட்டும் பேசினபடியே குடுத்துருங்க."

"பேசினபடின்னா?"

"பன்னிச் சத்தம்னே எழுதிருங்க. புகாரக் குடுத்தது நான். இப்பப் போயி, சத்தம் எம் மகன் வச்சதுன்னு எப்படிச் சொல்லுவேன்? ஊருல தலைகாட்ட முடியுமா? அவளுக்கு என்ன சார், பன்னிதான? இங்க இல்லாட்டா வேற எங்கயாவது கெடந்து வளத்துக்கிடுவா. அவளுக்கு மானமா, மரியாதையா, என்ன போகப் போகுது?"

குற்றாலலிங்கம் அவரைப் பார்த்தார். நேற்றுப் பார்த்து இரங்கிய அதே சிவந்த கண்கள். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, பவுடர் வாசனை.

"எழுத மாட்டேன் அண்ணாச்சி."

"சரி, எழுத வேண்டாம். ஆனா வெளியிலயும் வாயத் தொறக்கக் கூடாது. உங்கள வச்சது நான். என் விஷயத்த என்னைக் கேக்காம நீங்க வேற ஒருத்தர்ட்ட சொல்லப்படாது. அதுதான உங்க தொழிலுக்கு முறை? நான் போயி என்கிட்ட இருக்கற ரெக்கார்டிங்கப் போட்டுக் காட்டிக்கிடுதேன். அது போதும்."

மனிதர் அக்கவுண்டன்ட். ஓட்டை எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு கட்சிக்காரரின் ரகசியத்தையும் குற்றாலலிங்கம் வெளியே விட்டதில்லை. அதனால்தான் அவரிடம் ஆள் வருகிறது. இப்போது அதே முறை ஒரு ஏழைப் பெண்ணின் கழுத்தில் கயிறாக விழப்போகிறது.

கதவு திறந்தது. முத்தாரம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இடுப்பில் அந்த மழைக்கோட்டு மூட்டை. இன்னொரு கையில் தன் சூட்கேஸ்.

"முத்து, உள்ள போ," என்றார் கோமதிநாயகம்.

அவள் அவரைத் தாண்டிப் படி இறங்கினாள். நேராகக் குற்றாலலிங்கத்தின் காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மணி ரெண்டே கால் ஆச்சுல்லா," என்றாள், பின்னாலேயே வந்த சபீனாவிடம். "வண்டிய எடும்மா. என்னைய யாரும் வேலைக்கு வைக்கல. நான் யார்ட்டயும் பேசலாம்."

சபீனா வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்பினாள்.

பஞ்சாயத்து ஹாலில் ஐந்து பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலி நாற்காலிகள் நிறைய இருந்தும் சுடலைமாடத்தி சுவரோரம் நின்றாள். குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். இருந்தாலும் பக்கத்து வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்தியபடி நகர்ந்து உட்கார்ந்தார்கள். கோமதிநாயகமும் மஹேஷும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது முத்தாரம்மாள் முன்னால் போயிருந்தாள். ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்தாள்.

"இத எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியாது," என்று சபீனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சபீனா ஒரு பொத்தானை அழுத்தினாள். ஹால் முழுக்கப் பன்றிகள் வீறிட்டன. பிரசிடென்ட் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஹெல்த் இன்ஸ்பெக்டரின் பேனா கீழே விழுந்தது. மூன்று ஹார்ன் கேட்டது. ஒரு பன்றி நீளமாக இழுத்தது. சபீனா நிறுத்தினாள்.

"இது எங்க வீட்டு மாடியில இருந்து ரெண்டு மாசமா வந்த சத்தம்," என்றாள் முத்தாரம்மாள். "வச்சது எம் மகன். தெரிஞ்ச பிறகும் மறைக்கச் சொன்னது எம் வீட்டுக்காரரு. இவ மேல ஒரு தப்பும் இல்ல. அம்புட்டுப் பேரும் இவ பன்னிய விரட்டணும்னு நின்னோம். பன்னி எங்க வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு."

சுவரோரத்திலிருந்து சுடலைமாடத்தியின் குரல் வெடித்தது.

"எம் பன்னியள அந்த ஆளோட சேத்துப் பேசாதீக! அதுக பெத்த தாய ஒண்ணும் செய்யாது!"

புகார் அந்த நிமிடமே தள்ளுபடியாயிற்று. கொட்டிலுக்குச் சிமென்ட் தரை போட வேண்டும், கழிவு டிரம்முக்கு மூடி வேண்டும் என்று மட்டும் எழுதி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுடலைமாடத்தி காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல், யாரையும் மன்னிக்காமல் வெளியே போனாள். முத்தாரம்மாள் கூப்பிட நினைத்துக் கை தூக்கினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் மஹேஷ் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, வா. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

முத்தாரம்மாள் அவனுடைய காரைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். முகம் சுளித்தது. கெட்டுப்போன பாலை மோந்து பார்த்தவளைப் போல.

"தம்பானூர்ல என்னைய இறக்கி விட்டுருவீங்களா சார்?" என்று குற்றாலலிங்கத்திடம் கேட்டாள். "திருநவேலியில எந் தங்கச்சி இருக்கா. கொஞ்ச நாளைக்கு இவுக ரெண்டு பேரு குரலும் காதுல விழ வேண்டாம்."

நெடுமங்காடு தாண்டுவதற்குள் அவள் பின்சீட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிவிட்டாள். குற்றாலலிங்கத்தின் போனில் கோமதிநாயகத்தின் செய்தி வந்தது. பெயர் இல்லாமலாவது ஒரு ரிப்போர்ட் கிடைக்குமா, அப்பீல் பண்ணலாம் என்று ஒரு வக்கீல் சொல்கிறார் என்றிருந்தது. அவர் அதை அழித்துவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அங்கே இறங்கி மாறினால் திருநெல்வேலி. சபீனா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சாரே, எழுப்பட்டுமா?"

குற்றாலலிங்கம் பஸ்ஸைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார்.

"அடுத்த பஸ் எப்ப?"

"அரை மணிக்கூர்ல ஒண்ணு. அதுக்கப்புறமும் உண்டு."

"அப்போ தூங்கட்டும்," என்று கண்ணாடியை ஏற்றினார்.

சபீனா என்ஜினை நிறுத்தினாள். நாகர்கோவில் பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று.